ஒரு நிறுத்தம் தள்ளி

ஒன்பது வயதில் வாடிப்பட்டியிலிருந்து செல்லூர் அத்தை வீட்டுக்குத் தனியாக பஸ்ஸில் வந்த கதையை முத்துக்குமரன் மகளிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். தூங்கிப்போய் நிறுத்தத்தைத் தவறவிட்டு, முருங்கைக்காய்க் கட்டோடு வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தவரைப் பார்த்து, "அம்புட்டுத் தூரம் ஒத்தையிலயாடா வந்த!" என்று அத்தை வாய்பிளந்தது இன்னும் அவர் காதில் இனிக்கும்.

இன்று திருநகரிலிருந்து பத்து வயது மகள் அஸ்வினி அதே அத்தை வீட்டுக்கு முதன்முறையாகத் தனியே பஸ் ஏறினாள். சிரித்துக் கையசைத்தவர், மறுநிமிஷமே பைக்கில் பின்தொடர்ந்தார். அவளும் ஒரு நிறுத்தம் தள்ளித்தான் இறங்கினாள். பூக்காரம்மாவிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தவள் அருகே பதறிப்போய் வண்டியை நிறுத்தினார்.

"ஏறு தாயி!"

அவள் ஏறவில்லை.

"அன்னைக்கு ஒங்க பின்னாடி யாருப்பா வந்தா?"

முத்துக்குமரன் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

"நான் வந்தத அங்க சொல்லிராத, என்ன?"