ஓடத் நாஹி

1

மோட்டார் மெக்கானிக் மாலை வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம். ஏதாவது ஒரு வண்டியின் கோளாறைக் கண்டுபிடித்து அறிகுறி, சோதனை, காரணம் என்று எழுதிவர வேண்டும். எங்கள் வீட்டுக் காரையே எடுத்துக்கொண்டேன். காரணம் வரை வந்ததும் பேனா நின்றுவிட்டது. வகுப்பில் கொடுக்க முடியாது. நாட்குறிப்பில் எழுதவும் மனம் வரவில்லை. அதனால், மராத்திக்கார வாத்தியாருக்குப் புரியாத தமிழில் கதையாக்கிவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 2004ஆம் ஆண்டு, புணே நகரின் மேல் கருமேகங்கள்

(வேண்டாம். கார்பரேட்டருக்கும் மேகத்துக்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: சாங்வியிலிருந்து கராடிக்கு வேலைக்குப் போகும் என் அக்கா அம்ருதா, எவ்வளவு மிதித்தாலும் பாலம் ஏறும்போது கார் திணறுகிறது என்றாள். அப்பா ஸ்வாமிநாதன் அதை மெக்கானிக் ஷிண்டேயிடம் கொண்டுபோனார். நானும் போனேன். ஷிண்டே ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சொன்னார்: "காடி ஓடத் நாஹி, காகா."

மராத்தியில் அதற்கு 'வண்டி இழுக்கவில்லை, பெரியவரே' என்று பொருள். அப்பா அதைத் தமிழ் 'ஓடாது' என்று கேட்டுக்கொண்டார். வீடு வந்ததும் அக்காவிடம் சொன்னார்:

"ஷிண்டேயே சொல்லிட்டான், இனிமே ஓடாதாம். வித்துடலாம். நீ கம்பெனி பஸ்ல போ."

"அரே அப்பா, அந்த ஓடாத வண்டியிலதானே இப்போ வீட்டுக்கு வந்தீங்க?"

"இன்னிக்கு ஓடிடுச்சு. நாளைக்கு?"

3

சோதனை. ஏர் ஃபில்டர் சுத்தம். கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் இரையும், வேகம் ஏறாது. இங்கே இரைச்சலே ஏறவில்லை. பானட்டைத் திறந்து ஆக்சிலேட்டர் கேபிளைக் கையால் இழுத்தேன். எஞ்சின் சீறியது.

"இப்போ நீ மிதி, அக்கா."

"மிதிச்சுட்டேன்டா."

"முழுசா!"

"இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுக்கு வந்துடும்."

கேபிள் பாதிதான் நகர்ந்தது. ஆகவே கோளாறு பெடலில். குனிந்து பார்த்தேன். கால்மிதியின் அடியில், பெடலுக்கு நேர் கீழே, நான்காக மடித்த சாக்கு.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மழைக்காலத்தில் காருக்குள் சாக்கு போடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் எல்லா இருக்கைக்கும் போடுவோம். விரித்துத்தான் போடுவோம்.]

4

இங்கே எனக்கு ஒரு கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. அப்பா முப்பது வருஷமாகப் புணேவாசி. காய்கறிக்காரியிடம் மராத்தியிலேயே சண்டைபோட்டு ஜெயிப்பவர். அவருக்கா அந்தச் சொல் தெரியாது? போன மாதம் அக்கா சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு லோணாவளா மலைக்குப் போய்வந்த பிறகுதான் அவர்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தைரியமில்லை.)

இதுவரை எழுதியதை அக்கா படித்தாள்.

"அப்பா தப்பாக் கேட்டுக்கிட்டார்னு எழுதியிருக்கே. ரொம்ப நல்ல பிள்ளைடா நீ."

"பின்னே எப்படி எழுதறது?"

"எப்படி வேணா எழுது. எனக்குக் கார் வேணும். வாங்கற ஆள் ஔந்த்லேர்ந்து கிளம்பிட்டான்."

5

முடிவு அ: சாக்கைக் காட்டுகிறேன். "அட, இது எப்படி இங்கே?" என்கிறார் அப்பா. எல்லோரும் சிரிக்கிறோம். நம்பும்படி இல்லை, அப்பாவுக்கு நடிக்க வராது. (ஷிண்டே விஷயத்தில் வந்ததே?)

முடிவு ஆ: சாக்கோடு விற்றுவிடுகிறோம். வாங்கியவன் அதை எடுத்துப் போட்டுவிட்டுப் பறக்கிறான். அக்கா பஸ் ஜன்னல் வழியாக

(இது அவளுக்குச் செய்யும் துரோகம்.)

நடந்தது இவ்வளவுதான். அக்கா சாக்கை உருவி, உதறி, அப்பாவிடம் நீட்டினாள்.

"காத்ரஜ் மலை வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம், வாங்கப்பா."

"அந்த ஆள் வந்துடுவானே."

"வரட்டும்."

சாவி காரிலேயே தொங்கியது. அக்கா எந்தக் கதவையும் தொடாமல் வண்டிக்கு முன்னால் நின்றாள். அப்பா வண்டியின் வலப்பக்கம், ஸ்டியரிங் பக்கக் கதவுக்குப் போனால் அவரே ஓட்டுவார். ஔந்த்காரனுக்கும் அவரே ஓட்டிக் காட்டி விற்றுவிடுவார். இடப்பக்கம் போனால் வண்டி அவளுடையது.

அப்பா சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். ஒரு கதவைத் திறந்தார்.

எந்தக் கதவு என்று நான் பார்த்தேன். எழுதப்போவதில்லை. உங்களுக்கு ஒரு மகள் இருந்தால், மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.