மேட்ரன் ருசி பார்க்கும்வரை

அடுத்தவர் வீட்டுக்குப் போகிறவர்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் சட்டம். சட்டம் போட்ட பெரியவர் கண்ணை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அவருடைய மூத்த மகள் அதை ஒரு சொட்டுச் சிந்தாமல் காப்பாற்றி வந்தார். மலை ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லாருக்கும் அவர் மேட்ரன். கூடப் பிறந்த தம்பியும் அப்படித்தான் சொல்வார், அக்கா காதில் விழாத தூரத்தில்.

தம்பி, தம்பி மனைவி, வண்டி ஓட்டும் தம்பி மகள் என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றிவந்த நீண்ட பயணம் அது. அன்றைக்குக் கணவாய்க்குச் சற்றுக் கீழே ஒரு கடையைக் கண்டதும் மேட்ரன் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இன்னும் ஒரு வளைவுதான் அத்தை, உங்க பழைய சிநேகிதி வீடு வந்துடும். அவங்க சாப்பாடு போட மாட்டாங்களா?"

"போடுவாங்க. அதனாலதான் இங்க சாப்பிடணும். கும்பலா வந்து சட்டியைக் காலி பண்ணிட்டுப் போனாங்கன்னு நம்ம குடும்பத்தை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

தம்பி அதற்குள் ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கியிருந்தார். "நான் எப்பவும் சட்டத்தை மதிக்கிறவன்" என்றார் வாய் நிறைய.

சிநேகிதி அதே ஆஸ்பத்திரியில் தலைமைச் சமையற்காரியாக இருந்தவள். அவள் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். வண்டிச் சத்தம் கேட்டதும் சமையற்காரி ஓடிவந்து மேட்ரனைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! இன்னும் அதே முதுகு! அடிஸ்கேலை முழுங்கின மாதிரி!"

வீட்டின் முன்னறையில் புதுப் பெஞ்சுகள், புது மேசைகள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. கணவாயைக் கடக்கும் லாரிக்காரர்களுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கட்டிய சாப்பாட்டுக் கடை அது.

"எல்லாம் எப்பவோ தயார் மேட்ரனம்மா. ஆனா திறக்க விட மாட்டேங்கறா. ஏன்டின்னு கேட்டா, நீங்க ருசி பார்க்கலையாம்!" என்றார் ஓட்டுநரான கணவர்.

ஆஸ்பத்திரியில் மேட்ரன் ருசி பார்த்துத் தலையசைக்கும்வரை ஒரு சட்டியும் வார்டுக்குப் போகாது. அதையும் அவர் வெறும் வயிற்றோடுதான் செய்வார். வயிறு நிறைந்தவருக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அவர் கட்சி.

"அங்க சாப்பிட்டவங்களுக்கு வேற போக்கிடம் இல்லைக்கா" என்றாள் சமையற்காரி. "இங்க வர்றவன் பிடிக்கலைன்னா கீழ் வளைவுக் கடைக்குப் போயிடுவான். நீங்க சரின்னா திறக்கறேன். இல்லைன்னா சட்டியைக் கவுத்துட்டுச் சும்மா கெடக்கேன்."

கீழ் வளைவுக் கடை என்றதும் தம்பி மனைவிக்குப் புரையேறியது.

சூப்பும் சோறும் கறியும் ஆவி பறக்க வந்தன. தம்பி தட்டைப் பகையாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தம்பி மகள் மெல்லக் குனிந்து, "அத்தை, ரெண்டு வாய் சாப்பிட்டுப் பிரமாதம்னு சொல்லிடுங்க. அவங்க முகத்தைப் பாருங்க" என்றாள்.

மேட்ரன் பார்த்தார். ஒரு தலையசைப்பில் அந்த முகம் மலர்ந்துவிடும். ஆனால் ருசி பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னவர்கள் அந்த வம்சத்தில் கிடையாது. எடுத்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"இதை உள்ள கொண்டு போ."

சமையற்காரியின் முகம் செத்துப்போனது. "வாசனையே சரியில்லையாக்கா?"

"வாசனைக்கு ஒரு குறையும் இல்லை. வயித்துலதான் இடமில்லை. கீழ் வளைவுக் கடையில சாப்பிட்டுட்டு வந்தோம். எங்க வீட்டுப் பழக்கம். இன்னைக்கு அது தப்பாப் போச்சு."

"அந்த ரொட்டியைத் தின்னுட்டுமா எழுந்து நடமாடறீங்க?" என்று ஓட்டுநர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

"என் வீட்டுக்கு வரும்போதுமா? நான் என்ன, யார் எத்தனை கவளம் தின்னாங்கன்னு பார்க்கறவளா?"

"கோவத்தை அப்புறம் வெச்சுக்கோ. சாயங்காலம் மறுபடி அடுப்பை மூட்டு. பசியோட வர்றேன்."

சாப்பாடு இறங்காத நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏற்றி இறக்குவது மேட்ரனின் பழைய வைத்தியம். இப்போது குடும்பம் அகப்பட்டது. ஓட்டுநர் வழிகாட்ட, ஊருக்கு மேலே மூடுபனிக்குள் நின்ற தண்ணீர்த் தொட்டிக்கு எல்லாரும் ஏறினார்கள்.

"அக்கா, நான் நோயாளி இல்லை!" தம்பிக்கு மூச்சு வாங்கியது.

"வண்டியிலயே உட்கார்ந்து வந்தா சீக்கிரம் ஆயிடுவே. நட."

"அண்ணி, என் செருப்பு வழுக்குது" என்றாள் தம்பி மனைவி.

"கையில எடுத்துக்கோ."

நிமிர்ந்த முதுகோடு முன்னால் நடந்த மேட்ரனுக்கு உள்ளே ஒரே ஒரு கவலை. சாப்பாடு நன்றாக இல்லாவிட்டால்? அதையும் சிநேகிதியின் முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும். சொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு கால்கள் இன்னும் வேகமாகப் போயின.

பொழுது சாயும்போது குளிரில் நடுங்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். சமையற்காரி ஒரே ஒரு தட்டை மேட்ரன் முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மேட்ரன் சூப்பை ருசி பார்த்தார், சோற்றைப் பார்த்தார், கறியை இரண்டு முறை பார்த்தார்.

"சீக்கிரம் சொல்லுங்கக்கா. எனக்கு உயிர் போகுது."

"நீ பேசாதே." மேட்ரன் கரண்டியை வைத்தார். "சூப்பு சரி. சோறு சரி. கறியில காரம் மண்டைக்கு ஏறுது. அத்தனை வருஷம் உன்னை நான் பத்தியச் சாப்பாடு சமைக்க வெச்சேன். அந்தப் பழியைப் பாவம், லாரிக்காரங்க மேலயா தீர்த்துக்கறே?"

சமையற்காரி வாயைப் பொத்தினாள். பொத்தியும் சிரிப்பு பீறிட்டது. "எனக்கும் சந்தேகம்தான்க்கா. இவர்கிட்ட கேட்டா கல்லைப் போட்டாலும் நல்லாருக்கும்பார்!"

"உசுரோட இருக்கணுமே" என்றார் ஓட்டுநர்.

"காரத்தைக் குறைச்சு இன்னொரு சட்டி வை. அதைப் பார்த்துட்டுத்தான் சொல்வேன்."

தம்பி தலையில் கை வைத்தார். அடுத்த சட்டி வெந்து இறங்கும்வரை அடுப்பங்கரை வாசலை விட்டு அவர் நகரவே இல்லை.

இரண்டாம் சட்டியிலிருந்து ஒரு வாய் வைத்ததும் மேட்ரன் தலையசைத்தார். ஆஸ்பத்திரியில் அசைத்த அதே அசைவு. சமையற்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டுகளை எடுக்கப் போனாள்.

வெளியே ஒரு லாரி முனகிக்கொண்டு நின்றது. இரண்டு பேர் கதவருகில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"வாசனை ரோடு வரைக்கும் வருது. சாப்பாடு இருக்காம்மா?"

சமையற்காரி மேட்ரனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருக்கு. கையைக் கழுவிட்டு வாங்க."

மேட்ரன் எழுந்து பெஞ்சைக் காலி செய்தார். தட்டை ஏந்தியபடி உட்கார்ந்திருந்த தம்பியையும் ஒரு பார்வையில் எழுப்பினார்.

"வாடிக்கைக்காரங்க வந்திருக்காங்க. தண்ணி எடுத்து வை."

தம்பி வைத்தார்.