ஐயனாருக்கு ஒரு கொப்பு

கேதீஸ்வரன் பொய் எதுவும் சொல்லவில்லை. மெல்பேர்னில் வனக்காவலர் வேலைக்கு ஆள் எடுத்தபோது, இலங்கையில் என்ன செய்தீர் என்று கேட்டார்கள். வில்பத்துக் காட்டு இலாகாவில் ஆறு வருஷம் என்றார். அது உண்மைதான். அங்கே கிளார்க்காக இருந்ததையும், காட்டுக்குள் ஒரு நாளும் கால் வைக்காததையும் அவர்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கால் வைக்காததற்குக் காரணம் கரடி. அவருடைய தகப்பன் தேன் எடுக்கப் போன இடத்தில், குட்டியோடு நின்ற கரடியிடம் மாட்டிக்கொண்டார். உயிரோடு திரும்பினார், இடது கண்ணும் கன்னமும் போய்விட்டன. அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்று வளர்ந்தவர் கேதீஸ்வரன். அவுஸ்திரேலியாவில் கரடியே கிடையாது என்று யாரோ அடித்துச் சொன்ன பிறகுதான் இந்த வேலைக்கு விண்ணப்பமே போட்டார்.

வேலை ஒன்றும் பெரிய வீரச் செயல் இல்லை, பிள்ளைகளே. சீனத்து மலைகளில் பாண்டாவுக்குக் காவல் நிற்பவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நடக்க வேண்டும். புதிதாக எச்சம் கிடக்கிறதா, மரத்தில் நகக்கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். அறுந்த கம்பி வேலியைக் கட்ட வேண்டும். கோடையென்றால் புகை மணக்கிறதா என்று மூக்கை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு நாளும் அவர் வேலி கட்டினார். பெரிய காவலர் பெர்ட், கேதீஸ்வரன் என்ற பெயரை வாய்க்குள் உருட்டிப் பார்த்து, முடியாமல், ‘கீத்’ என்று சுருக்கிவிட்டார்.

மூன்றாம் நாள், எழுபத்தாறாம் ஆண்டுத் தை மாதம்; அங்கே அதுதான் நடுக்கோடை, வெயில் மண்டையைப் பிளந்தது. வடக்கிலிருந்து அனல் காற்று வேறு. தனியாக வண்டியில் இருந்தவரை ரேடியோ கூப்பிட்டது.

"கீத், மலைக்கு அந்தப் பக்கம் நெருப்பு. காற்று உன் பக்கம்தான் வருகிறது. கீழே பள்ளத்தில் ஒரு கரடி, குட்டியோடு நிற்கிறது. நெருப்பு வருவதற்குள் தூக்கிக்கொண்டு வந்துவிடு. வண்டிக்குப் பின்னால் சாக்குக் கிடக்கிறது. நகத்தைப் பார்த்துக்கொள்."

பெர்ட் ஆங்கிலத்தில் சொன்ன சொல் கரடியேதான். வேறு எதுவாகவும் அது காதில் விழவில்லை. கரடியே கிடையாது என்றவன் பொய்தான் சொல்லியிருக்கிறான்.

"யெஸ்" என்றார் கேதீஸ்வரன்.

நம்மவர்களுக்கு இது ஒரு வியாதி. விளங்கினாலும் யெஸ், விளங்காவிட்டாலும் யெஸ். திரும்பக் கேட்டால் இங்கிலீஷ் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களாம்! அதுவும், ஆறு வருஷம் காட்டு இலாகாவில் இருந்தவன், கரடியைச் சாக்கில் எப்படித் தூக்குவது என்று கேட்கலாமா?

ரேடியோ ஓய்ந்தது. வண்டியின் கண்ணாடிகளை உயர்த்திவிட்டு உள்ளேயே இருந்தார். இறங்கினால் தகப்பனுக்கு நடந்தது தனக்கும் நடக்கும். இறங்காவிட்டால் கீழே ஒரு தாயும் குட்டியும் கருகிச் சாகும். மலைக்கு மேல் புகை பழுப்பு நிறத்தில் எழும்பி வந்தது.

எப்படியோ இறங்கினார். அவருடைய ஊர்ப் பக்கத்தில் காட்டுக்குள் போகுமுன், இலையோடு ஒரு கொப்பு முறித்து மரக்கவட்டில் செருகி ஐயனாரை நினைப்பார்கள். அவரும் பள்ளத்தின் மேல்விளிம்பில் நின்ற யூக்கலிப்டஸ் மரத்தில் கொப்பு முறித்து, பக்கத்தில் தாழ்ந்திருந்த கவட்டில் செருகினார்.

"ஐயனாரே, போட்டு வாறன். முகத்தை மட்டும் விட்டுடச் சொல்லு" என்றார். வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

ஊரில் கரடிக்குச் சத்தம் கொடுத்துக்கொண்டுதான் போவார்கள். திடீரென்று எதிரே போய் நின்றால்தான் அது பாயும். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியில் கிடந்த தண்ணீர்த் தகரத்தில் தட்டி, "கூ... கூ..." என்று கத்திக்கொண்டு சரிவில் இறங்கினார். சுள்ளி முறிந்தாலும் நின்று நின்று பார்த்தார். பாதிச் சரிவு தாண்டவில்லை, தலைக்கு மேலிருந்து வந்தது அந்த உறுமல்.

பழைய லொறி ஸ்டார்ட் எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதுபோல, உள்ளுக்கு இழுத்து, வெளியே தள்ளி, திரும்பவும் இழுத்து ஓர் உறுமல். தரையே அதிர்ந்ததாகத் தோன்றியது. தகரம் ஒரு பக்கம், சாக்கு ஒரு பக்கம். கேதீஸ்வரன் திரும்பி ஓடினார். விழுந்தார், எழும்பினார், முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடினார். ஐயனார் மரத்தடிக்கு வந்துதான் நின்றார்.

அங்கே கவட்டில் கொப்பைக் காணோம்.

அது மரத்தடியில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று குந்தியிருந்து, ஐயனாருக்கு வைத்த இலையை ஆற அமரச் சவைத்துக்கொண்டிருந்தது. உருண்டைக் காது, கறுத்த மூக்கு. முதுகில் குட்டியொன்று அம்மாவின் மயிரைப் பிடித்தபடி அவரைப் பார்த்தது.

கலண்டரில் பார்த்த கோலா! புகைக்குப் பயந்து பள்ளத்திலிருந்து ஏறி வந்திருக்கிறது. மரத்தில் இருந்து இலை தின்னும் அந்தச் சாதுவைத்தான் பெர்ட் போன்ற பழைய ஆட்கள் கரடி என்றே கூப்பிடுவார்களாம். தான் ஓடிவந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். சரிவில் நின்ற மரத்தின் உச்சிக் கிளையில் ஓர் ஆண் கோலா, தாடையைத் தூக்கிக்கொண்டு உறுமியது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய சத்தம்.

சிரிக்க நேரமில்லை. புகை பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. சாக்கோ கீழே கிடக்கிறது. சட்டையைக் கழற்றித் தாயின் மேல் போடப் போனார். அது இலையை விட்டுவிட்டு, மரமென்று நினைத்ததோ என்னவோ, அவர் காலைப் பற்றி, இடுப்பைப் பற்றி, மார்பில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நகங்கள் தோலுக்குள் இறங்கின. வலியில் கத்தப் போனவருக்கு அதன் நெஞ்சு தன் நெஞ்சில் படபடவென்று அடிப்பது தெரிந்தது. அவருடையதும் அப்படியேதான் அடித்தது. யார் அதிகம் நடுங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

மூன்று உயிரும் வண்டிக்கு வந்து சேர்ந்தன. பெர்ட்டும் இன்னும் இரண்டு பேரும் கொடி கட்டிய நீளக் கழியோடு வந்து, தலைக்கு மேல் கொடியை ஆட்டி அந்த உறுமல்காரனையும் கீழே இறக்கினார்கள். அவர்கள் வண்டியை எடுத்துச் சற்று நேரத்தில் பள்ளம் எரிந்தது.

பொழுதுபட கிளென் வேவர்லி வீட்டுக் குசினியில் சட்டையைக் கழற்றியபோது மனைவி சந்திரவதனா பதறிப்போனாள்.

"இஞ்சாருங்கோ, இதென்ன? ஆர் கீறினது?"

"கரடி."

அவளுடைய முகம் வெளிறியது. மாமனாரின் முகம் அவளுக்கும் தெரியும்.

"பயப்பிடாதையும். இலை தின்னுற கரடி" என்று நடந்ததைச் சொன்னார். அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கத்தான் தொடங்கினார். இடையில் குரல் உடைந்துவிட்டது.

"வதனா, அதின்ர நெஞ்சு அடிச்ச அடி இன்னும் என்ர நெஞ்சில கிடக்கு. அப்பாவைக் கீறினதும் குட்டியோட நிண்ட தாய்தானே. அதுக்குக் கோபம் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்."

அவள் பஞ்சில் டெட்டோலை ஊற்றியபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"பாவம், அதுவும் பயந்துபோய்த்தான் நிண்டிருக்கும்" என்றார் கேதீஸ்வரன்.