நான்காவது மாடிக் கூடை

ஞாயிற்றுக்கிழமை சரியாக நான்கு மணிக்குக் கூடை இறங்கும். அக்கா நான்காவது மாடி பால்கனியிலிருந்து நைலான் கயிற்றை விட்டுக்கொண்டே வர, தங்கை தெருவில் நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். மாத்திரையும் நூல்கண்டும் மேலே போகும். அக்கா தைத்த தலையணை உறைகள் கீழே வரும்.

"சாப்டியாடி?"

"ஆச்சுக்கா. முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு. என்னை விட்டா அதுக்கு வேற யாரு?"

தெருவே கேட்க இவ்வளவுதான் பேச முடியும். உரக்கச் சொல்ல முடியாதவை இரண்டு வருடமாகச் சேர்ந்து கிடந்தன. கீழிருந்து பார்த்தால் அக்காவின் தாடையும் கைகளும் மட்டுமே தெரியும். உச்சி எவ்வளவு நரைத்திருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் இல்லை. அக்காவின் முழங்கால் அவளை இறங்க விடவில்லை. இவளோ பத்து மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவள். காலையிலிருந்து மாலைவரை ஏறி இறங்குவதெல்லாம் முக்காலியில் உட்கார்ந்தபடியேதான். "ஊரையே மேல ஏத்துற, நீ ஏற மாட்டியா?" என்று அக்கா முன்பெல்லாம் சீண்டுவாள். கடைசியாக அக்கா வீட்டுக்கு ஏறிய அன்று இவள் இரண்டாவது மாடியில் மூச்சு அடைத்துக் கண் இருட்டி, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலிருந்து, "வந்துட்டியாடி?" என்ற குரல் கேட்டது. பதில் சொல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அதன்பிறகு அக்கா சீண்டுவதில்லை. கயிறு வாங்கிவிட்டாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு, சாப்பாட்டு இடைவேளையில், இவள் அலுவலகக் கட்டிடத்தின் பின்பக்கப் படிகளில் ஏறத் தொடங்கினாள். முதல் வாரம் ஒரு மாடி. அப்புறம் ஒன்றரை. அவள் வீட்டுக்காரர் உடம்பு இளைக்கும் என்று உற்சாகமாகி எடை மெஷின் வாங்கி வந்தார். ஒவ்வொரு ஞாயிறு காலையும் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முள்ளைப் பார்ப்பார்.

"அப்படியேதான் இருக்கு. முள்ளு தூங்கிடுச்சு போல."

பன்னிரண்டாவது ஞாயிறும் அதே எண்தான். "விட்டுடும்மா. சும்மா கால்தான் தேயுது," என்றார். அவர் பரிவோடுதான் சொன்னார். அதனாலேயே அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. அடுத்த வாரம் முழுக்க இடைவேளையிலும் முக்காலியை விட்டு அவள் எழவில்லை.

ஏழாவது மாடி கிளினிக்கின் நர்ஸம்மா வெள்ளிக்கிழமை லிஃப்டில் இறங்கும்போது கேட்டாள். "என்ன, படிக்கட்டுப் பக்கம் ஆளையே காணோம்?"

"ஒரு கிலோகூட குறையல நர்ஸம்மா."

நர்ஸம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கடிகாரத்தைப் பார்த்தாள். தரைத்தளம் வந்தும் விடவில்லை. "ஆரம்பத்துல தலைசுத்தலுன்னு வந்தியே, அன்னிக்கு நாடி தொண்ணூத்தாறு. இப்ப எழுபத்தெட்டு. இதெல்லாம் உன் மெஷினுக்குத் தெரியாது. தூக்கம்?"

"படுத்தா காலைலதான்."

"அப்புறம் என்ன?"

கதவு மூடிய பிறகும் அவள் பித்தானை அழுத்தவில்லை. மூன்று மாதமாக நன்றாகத் தூங்கியிருக்கிறாள். யாருடைய உடம்பிலோ நடந்ததைப் போல அதைக் கவனிக்காமலே இருந்திருக்கிறாள்.

அந்த ஞாயிறு அவள் தெருவில் நிற்கவில்லை. மாத்திரைப் பையோடு குடியிருப்பின் படியில் காலை வைத்தாள். முதல் மாடி. இரண்டாவது மாடியில், தான் உட்கார்ந்த அதே படியருகே நின்றாள். இதயம் வேகமாகத்தான் அடித்தது, ஆனால் கண் இருட்டவில்லை. கைப்பிடியைப் பற்றி மறுபடி ஏறினாள். மூன்றாவது மாடியைத் தாண்டி, படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல். மூச்சு வாங்க அதில் சாய்ந்தாள். இன்னும் ஒன்பது படி. எண்ணினாள், இறங்கிவிடலாமா என்றும் நினைத்தாள். மேலே போனால் முதலில் என்ன சொல்வது? சேர்த்து வைத்ததில் ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை.

எங்கோ மணி நான்கு அடித்தது. ஜன்னலுக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில், ஆடியபடி கூடை இறங்கி வந்தது. மடித்த உறைகளின் மேல் பல் உடைந்த பழைய சீப்பு ஒன்று, புதிது வாங்க மாதிரிக்கு. அதில் ஒரு வெள்ளை முடி. அவள் கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்தாள்.

மேலே அக்கா இழுத்துப் பார்த்தாள்.

"எதுலடி மாட்டிச்சு?" அக்காவின் குரல், உரக்கக் கத்த வேண்டாத தூரத்தில்.

அவள் கயிற்றை விடவில்லை. அது அக்காவின் கைக்கும் தன் கைக்கும் நடுவே விறைத்து நின்று, அவள் நாடியோடு சேர்ந்து மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.