உரிமையாளர் அனுபவம், பாகம் ஏழு

இணையத்துச் சைக்கிள் குழுவில் அவருக்குப் பெயர் எட்டேமுக்கால். வண்டி வாங்கிய அன்றே அதைத் தராசில் தொங்கவிட்டுப் படம் எடுத்து, "எட்டேமுக்கால் கிலோ" என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். அந்தப் படத்தில் பெடல் இல்லை. பெடலைக் கழற்றிவிட்டு எடை போடுவது இந்த வகை வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிற சின்னத் திருட்டு. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

மண்பாதையிலும் மேட்டிலும் விறுவிறுவென்று ஏறுவதற்கென்றே கார்பன் இழையில் செய்த வண்டி அது. முன்சக்கரத்துக்கு மட்டும்தான் ஷாக் அப்சார்பர். பின்பக்கம் விறைப்பு. பாதையில் இருக்கிற கல், வேர், பள்ளம் எல்லாம் நேராக உட்காருகிற இடத்துக்கு வந்து நலம் விசாரிக்கும். இதை அவர் குழுவில், "பாதை நம்மோடு பேசுகிறது" என்று எழுதினார். எழுதும்போது நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் ரெண்டு விரல்ல தூக்கிக் காட்டறீங்க," என்பாள் மனைவி. "தண்ணி கேனைத் தூக்கச் சொன்னா மட்டும் இடுப்பு பிடிச்சுக்குது."

'உரிமையாளர் அனுபவம்' என்ற தலைப்பில் ஆறு பாகம் எழுதியிருந்தார். நாலாயிரம் பேர் இருக்கும் குழுவில் முக்கால்வாசிப் பேர் வண்டி ஓட்டுவதைவிட அதைப் படிப்பதில்தான் அதிக நேரம் செலவழித்தார்கள். புதிதாக வண்டி வாங்க வருகிறவர்கள் கடையில் அவர் எழுதியதைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்று கேட்டார்கள். கடை முதலாளிக்கு அவரைக் கண்டால் வாயெல்லாம் பல்.

பல் என்றதும் சொல்ல வேண்டும். அவருடைய தொழிலே பல்தான். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுக்குப் பீங்கான் பல் செய்து கொடுக்கும் லேபில் இருபது வருஷ வேலை. எறும்புத் தலை அளவு திருகாணியை அளவுக் கருவி வைத்துத்தான் திருக வேண்டும் என்று கீழே வேலை பார்ப்பவர்களைக் கரித்துக்கொட்டுவார். "கண்ணளவு கையளவெல்லாம் மாவு பிசையறதுக்கு. இது அடுத்தவன் வாய்." அப்படிப்பட்ட மனிதர்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

மச்சான் வந்திருந்தான். மனைவியின் தம்பி. ஆள் நெடுநெடுவென்று ஆறடி.

"மாமா, சீட்டை ஏத்திக் குடுங்க. தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்."

சீட்டுக் குழாயை மேலே இழுத்தபோது கிறீச்சென்றது. கிறீச்சென்றால் கிரீஸ் என்பது அவர் கணக்கு. இரும்புக்கு அது சரி. கார்பனுக்கு அது ஆகாது, மணல் கலந்த மாதிரி நறநறவென்று ஒரு பசை இருக்கிறது, அதைத்தான் தடவ வேண்டும் என்று பாகம் நான்கில் அவரே எழுதியிருந்தார். எங்கோ படித்து எழுதியதுதான். தடவிப் பார்த்ததில்லை. பசை வீட்டில் இல்லை, கிரீஸ் இருந்தது. தாராளமாகப் பூசினார்.

இரண்டு நிமிஷத்தில் மச்சான் திரும்பி வந்தபோது சீட்டு அடிமட்டத்துக்கு இறங்கி, முட்டி இரண்டும் காதருகே வந்து, சர்க்கஸ் கரடி மாதிரி மிதித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, வண்டி என்னை முழுங்குது."

சீட்டை ஏற்றிப் போல்ட்டை இறுக்கினார். வழுக்கியது. இன்னும் இறுக்கினார். அப்போதும் வழுக்கியது.

"கடையில ஏதோ அளவுக் கருவி வெச்சுத் திருகினாங்கன்னு எழுதியிருந்தீங்களே?"

"நாளெல்லாம் நான் என்ன திருகறேன்? என் விரலுக்கே அளவு தெரியும்டா." சொல்லிக்கொண்டே இன்னொரு கால் சுற்று.

டிக்.

யாரோ காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம்.

"இறுகிடுச்சுங்கிற சத்தமா மாமா?"

"ஆமா," என்றார் எட்டேமுக்கால்.

மச்சான் போனபிறகு டார்ச் அடித்துப் பார்த்தார். போல்ட்டுக்குக் கீழே, பிரேமில், தலைமுடி அகலத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு. துணியால் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். போகிற கோடாக இல்லை.

மறுநாள் கடைக்குப் போனார். வழி நெடுக, உள்ளதைச் சொல்லிவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து நின்று, "வாங்க சார், வாங்க! ஏழாம் பாகம் எப்போ?" என்று கேட்டபோது, அத்தனை பெரிய வரவேற்புக்குள் அத்தனை சின்ன உண்மையை எப்படி நுழைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பிரேம் விரிஞ்சிருக்கு," என்றார். "தானாவே."

மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதுக்காரர். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஒவ்வொரு போல்ட்டையும் அளவாக இறுக்கிய பிறகு, போல்ட் தலையிலிருந்து பிரேம் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு மெல்லிய கோடு இழுப்பது அவர் வழக்கம். போல்ட் திரும்பினால் கோடு உடையும். அவர் குனிந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"யாராவது இதைத் திருகினீங்களா சார்?"

"நான் தொடவே இல்லை."

"கோடு விலகியிருக்கே. கால் சுத்துக்கு மேல."

"குலுங்கினதுல திரும்பியிருக்கும்."

"குலுங்கினா போல்ட் லூஸாகும் சார். இறுகாது." குழாயை உருவி விரலால் தொட்டுப் பார்த்தார். "உள்ள கிரீஸ் இருக்கு. கார்பனுக்கு நான் கிரீஸ் போடறதில்ல."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அசடு வழியச் சிரித்து, தலையைச் சொறிந்து, மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"அப்போ யார் போட்டது? வண்டியைப் பூட்டிக் குடுத்தது நீங்கதானே?"

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் ஆறு பாகம் எழுதியவர். இன்னொருவர் ஒரு வரிகூட எழுதாதவர்.

"விடுங்கய்யா," என்றார் மெக்கானிக்கிடம். "கை தவறி நடக்கறதுதான். சார் எதுக்குப் பொய் சொல்லப் போறார்?"

கடையின் தவறு என்று முதலாளி கம்பெனிக்கு எழுதினார். மூன்று வாரத்தில் புது பிரேம் வரும் என்று பதில் வந்தது.

அதோடு வாயை மூடியிருந்தாலும் பாவம் பாதியோடு போயிருக்கும். ஆனால் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராத எழுத்தாளர் ஆபத்தானவர். பாகம் ஏழை எழுதினார். தலைப்பு, 'கவனமில்லாத ஒரு கை'. பெயர் எதுவும் போடவில்லை. அந்த நாகரிகம் இருந்தது. ஆனால் கண்ணாடிக் கயிறு வந்துவிட்டது, மஞ்சள் கோடும் வந்துவிட்டது. வர்ணனை என்று ஆரம்பித்தால் அவருக்குக் கை நிற்காது. மூன்றாவது பத்தியில் தானே அதை நம்ப ஆரம்பித்தார். ஐந்தாவது பத்தியில் கண் கலங்கிவிட்டது. இதுவரை எழுதிய பாகங்களிலேயே இதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

மூன்று வாரம் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது, கடைவாசலில், தரையில் ஒரு சாக்கு விரித்து மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கு விழாமல் இருக்கப் பக்கச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ரோஸ் கலரில் ஏழெட்டு வண்டி. ஒன்றின் கைப்பிடியில் ரிப்பன் தொங்கியது.

"வாங்க சார்," என்றார். "உங்க வண்டி உள்ள ரெடியா இருக்கு. நான் தொடல."

குத்திக் காட்டவில்லை. தகவலாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

உள்ளே முதலாளி சொன்னார். "உங்க பாகம் ஏழு வந்ததுலருந்து யாரும் அவர்கிட்ட வண்டி குடுக்க மாட்டேங்கறாங்க சார். நல்ல மனுஷன்தான். கொஞ்ச நாள் வெளியே இருக்கட்டும்னு வெச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு பத்து நாளில் அவர் அந்தக் கடைக்கு ஐந்து முறை போனார். மணி ஒன்று, தண்ணீர்ப் பாட்டில் இரண்டு, தேவையே இல்லாமல் ஒரு காற்றடிக்கும் பம்ப். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று, "வெயில் ஜாஸ்தி இல்ல?" என்பார். மெக்கானிக், "ஆமா சார்," என்பார். அவ்வளவுதான். புது பிரேம் வண்டியில் ஒருநாள்கூட ஏறவில்லை. முதல் தடவையாக அது கனத்தது.

ஒரு சாயங்காலம் மனைவி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி போன் பண்ணினான். உங்க ஏழாம் பாகத்தைப் படிச்சானாம். 'அக்கா, அன்னிக்கு டிக்குனு கேட்டப்போ பக்கத்துல நின்னது நான்தானே'ன்னு கேட்டுச் சிரிச்சான்."

"அவன் எதுக்கெடுத்தாலும் சிரிப்பான்."

"நான் சிரிக்கல." அவள் அவரையே பார்த்தாள். "சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சுங்க. தட்டு ஏதோ விரிசல் விட்டுடுச்சுன்னு நான் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். செய்யாத தப்பைத் தேடி அந்த மெக்கானிக் எத்தனை தடவை எதை எதை எடுத்துப் பார்த்திருப்பார்?"

சனிக்கிழமை, கூட்டம் சேருவதற்கு முன்னால், வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனார். வாசலைத் தலைகுனிந்து கடந்தார். முதலாளியிடம் கிரீஸிலிருந்து டிக் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுங்க சார். கடை தப்புன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்தது நான். இப்போ மாத்திச் சொன்னா என் மூஞ்சியில கரி. ஒண்ணு பண்ணுங்க, அந்தப் பாகத்தைச் சத்தமில்லாம அழிச்சிடுங்க. ரெண்டு மாசத்துல ஜனம் மறந்துடும். அவரை நான் உள்ள கூப்பிட்டுக்கறேன்."

எட்டேமுக்காலுக்கு உடம்பெல்லாம் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா? ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்ததா? அந்த நிம்மதி எவ்வளவு இனித்தது என்பதை நினைத்தால் பிற்பாடும் அவருக்குக் காது சுடும்.

அப்போது ஒருவர் வண்டியோடு உள்ளே வந்தார். தலையில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "சர்வீஸுக்கு விடணும். ஆனா அவர் கை வைக்க வேணாம்," என்று வாசல் பக்கம் தாடையை நீட்டினார். குரலைக் குறைக்கவும் இல்லை. பிறகு பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எட்டேமுக்கால் சார்! நீங்க எழுதினதுக்கப்புறம்தான் சார் நான் உஷாரானேன். ரொம்ப நன்றி!"

கையைப் பிடித்துக் குலுக்கினார். வாசலில் திருப்புளியின் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது.

"அது பொய்," என்றார் எட்டேமுக்கால்.

"எது சார்?"

"ஏழாம் பாகம். பிரேமை உடைச்சது நான்."

ஹெல்மெட்காரர் பிடித்த கையை விடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். எட்டேமுக்கால் தன் கையை உருவிக்கொண்டு, அங்கேயே போனை எடுத்தார். அலங்காரம் எதுவும் வரவில்லை. 'பாகம் ஏழில் எழுதியது பொய். போல்ட்டை அளவு மீறித் திருகி பிரேமை உடைத்தது நான். கிரீஸ் போட்டதும் நான். மெக்கானிக் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார், என் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னார்.' அனுப்பினார்.

"இந்த பிரேமைக் கழட்டி வெச்சிடுங்க," என்றார் முதலாளியிடம். "கம்பெனிக்கு என் பேர்லயே எழுதித் தர்றேன். உங்க பேர் கெடாது." முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாசலுக்கு வந்தார். மெக்கானிக் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"கேட்டுது சார்."

எட்டேமுக்கால் படியில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுல உங்க பாகத்தையெல்லாம் பொண்ணு சத்தமா வாசிப்பா," என்றார் மெக்கானிக். "காலேஜ் போறா. உங்க எழுத்துன்னா உசுரு. ஏழாவதையும் வாசிச்சா. கண்ணாடிக் கயிறு, மஞ்சக் கோடெல்லாம் கடையோட சரி, எங்க கடைன்னு அவளுக்குத் தெரியாது. பாதியில நிறுத்துன்னு சொல்லியிருக்கலாம். நல்லா இருந்துச்சு, கேட்டுட்டே இருந்துட்டேன். முடிச்சிட்டு, 'யாருப்பா இந்த ஆளு, இப்படி அலட்சியமா வேலை செய்யறான்'னு கேட்டா. நான்தாம்மான்னு சொன்னேன்."

"நீங்க தப்பு பண்ணலைன்னு சொல்லலையா?"

"சொன்னேன். 'நம்பறேன்ப்பா'ன்னா." திருப்புளியைக் கீழே வைத்தார். "அதுக்கப்புறம் அவ வாசிக்கறதை நிறுத்திட்டா."

கையைத் துணியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி நீட்டினார். "எழுதினதை அவ பார்ப்பாளோ மாட்டாளோ. நீங்களே சொல்லிடுங்க."

ஏழு பாகம் எழுதியவர் போனை வாங்கிக் காதில் வைத்தார். யார் என்று சொன்னார். போல்ட், கிரீஸ், மஞ்சள் கோடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "உங்க அப்பா மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான் பொய் சொன்னேன், எழுதினேன்."

அந்தப் பக்கம் பஸ் ஓடுகிற சத்தம்.

"சரி அங்கிள்," என்றாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"பக்கத்துலதான் இருக்கார். எல்லாத்தையும் கேட்டார்."

"கேட்டிருப்பார். நீங்க சொன்னீங்களா?"

முதலாளியிடம் சொல்லியிருந்தார். ஹெல்மெட்காரரிடம் சொல்லியிருந்தார். நாலாயிரம் பேரிடம் சொல்லி, இதோ இந்தப் பெண்ணிடமும் சொல்லியாயிற்று. அந்த மனிதரைப் பார்த்து மட்டும் அதை அவர் இன்னும் சொல்லவில்லை. படி இறங்கி சாக்கின் ஓரத்தில் குந்தினார். முட்டி இரண்டும் சடக்கென்றன.

"தப்பு பண்ணிட்டேன்," என்றார். "மன்னிச்சிடுங்க." குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. வேறு சந்தர்ப்பமாக இருந்தால் அவரே சிரித்திருப்பார்.

மெக்கானிக் போனை வாங்கி, "அப்புறம் பேசறேம்மா," என்று அணைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு ரோஸ் சைக்கிளைத் தன் பக்கம் இழுத்தார். அதன் பக்கச் சக்கரம் ஒருக்களித்து ஆடியது.

"இதை நேராப் பிடிங்க சார்," என்றார். "பிடிச்சா போதும்."

எட்டேமுக்கால் இரண்டு கையாலும் பிடித்தார். சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. நாலாயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள் போலிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.