முப்பத்தேழு டிகிரி

என் மனைவி வைரமணி இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவளுடைய உடலின் ஒரே ஒரு செல் மட்டும் மரபணு அளவை அலுவலகத்தில் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

கையெழுத்துப் போட என்னை வரச்சொல்லியிருந்தார்கள்.

நடக்க நடக்க நடைபாதை நீண்டது. அளவை அதிகாரி எஸ்தர் மேடமின் மேசையும் கூடவே நகர்ந்து வந்ததால் பேசச் சிரமமில்லை.

“உக்காருங்க சார்.”

“நடந்துக்கிட்டிருக்கேன்.”

“பரவால்ல, நடந்துக்கிட்டே உக்காருங்க.”

மேசைமேல் நுண்ணோக்கி. அதன் அடியில் சின்னக் கண்ணாடித் தட்டு. கண்ணை வைத்துப் பார்த்தேன். செல்லுக்குள் இருபதாயிரம் மேசைகள். மேசைக்கு ஒரு மரபணு. ஒன்று இன்னொன்றுக்குத் துண்டுச்சீட்டு எழுதி அனுப்புகிறது. பேசு, பேசாதே. இரண்டே உத்தரவுகள்தான்.

“யாரு யாரை அடக்குறாங்கன்னு அளக்கணும். சீட்டை எண்ணணும்,” என்றார்.

“எண்ணுங்க.”

“செல்லை உடைச்சாத்தான் எண்ண முடியும். அதுக்குத்தான் உங்க கையெழுத்து,” என்று பேனாவை நீட்டினார்.

“இதுக்கு முன்னாடி?”

“பத்தாயிரத்து நானூறு உடைச்சோம். எல்லாம் உங்க வீட்டம்மாவோடதுதான். ஒவ்வொன்னுலயும் எல்லா மேசையும் ஒரே நேரத்துல கம்முனு ஆயிடுது. அடக்குறது யாருன்னுதான் தெரியல.”

“நீங்கதாம்மா.”

அதை எழுதப் படிவத்தில் இடம் தேடினார். கட்டம் இல்லை.

“அவளை அடக்க முடியாது. முப்பத்தோரு வருஷம் நானே முயற்சி பண்ணிப் பாத்தவன்,” என்றேன்.

“அளக்காத செல், இல்லாத செல். அது விதி சார்.”

“என்னை அளந்தீங்களா?”

“இல்லையே.”

“அப்ப இல்லாத ஆளோட கையெழுத்து எதுக்கு?”

பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். தட்டை எடுத்துக்கொண்டேன்.

“ஐயையோ, செத்துடும் சார்! அதுக்கு முப்பத்தேழு டிகிரி சூடு வேணும்!”

சட்டைப் பொத்தானைக் கழற்றி, தட்டை அக்குளில் வைத்தேன். சில்லென்றது. பாத்திரம் கழுவிய ஈரக் கையை வைரமணி அங்கேதான் வைப்பாள். நான் அலறுவேன். இப்போது அலறவில்லை.

எஸ்தர் மேடம் என் நாக்குக்கடியில் வெப்பமானியைச் செருகினார். குனிந்து படித்தார். முப்பத்தேழு.

“எத்தனை நாளைக்கு சார் இப்படிக் கையை இடுக்கிக்கிட்டே இருப்பீங்க?”

வாயில் வெப்பமானி இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மேசை பின்தங்கியது. நடைபாதை இன்னும் நீண்டது. நீளட்டும். கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு நடந்தேன். உள்ளே சீட்டுகள் போய்வந்துகொண்டிருந்தன. நான் எண்ணவில்லை.