பின்னாலிருந்து போடும் கணக்கு

மார்ச் மாத வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோதே பெட்டித் தொழிற்சாலைக்குள் டிசம்பர் தொடங்கிவிட்டது. வருடக் கடைசி விடுமுறைக்குப் பணக்காரர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாசனைத் திரவியத்துக்கான பெட்டி. கனமான அட்டை, காந்தம் வைத்த மூடி, உள்ளே வெல்வெட், மேலே கையால் கட்டிய ரிப்பன். திறந்ததும் தூக்கிப் போடப்போகிற சாமானுக்கு இத்தனை ஜோடனை. இதற்கெல்லாம் திட்டம் போடுகிறவனை எல்லோரும் காலண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனிடம் மணி கேட்டால் டிசம்பர் என்பான் என்று பசை மேசையில் ஒரு கேலி உண்டு. திட்டத்தை அவன் பின்னாலிருந்துதான் போடுவான். சரக்கு கப்பலேறும் நாளை முதலில் வைத்துக்கொண்டு, ரிப்பன் கட்டுவது, ஒட்டுவது, அச்சடிப்பது, அட்டைக்குச் சொல்லிவைப்பது என்று ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நகர்ந்து வருவான். வந்து நிற்கிற இடத்தில் அன்றைய வேலை இருக்கும்.

ரிப்பன் மேசையில் அவன் மனைவி இருந்தாள். ரிப்பனின் இரண்டு காதும் ஒரே அளவில், வால் ஒரே சாய்வில் விழுகிற முடிச்சு அவளுடையது. கொஞ்ச நாளாக அவளுக்கு வயிற்று வலி. சோறு இறங்கவில்லை, வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. ஸ்கேன் பார்த்த டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவனிடம் மட்டும் பேசினார். ஆகஸ்டைத் தாண்டுவது கஷ்டம் என்றார். வெளியே வந்தவன், "அல்சர்தானாம். மாத்திரைல சரியாயிடுமாம்" என்றான். பொய் அவ்வளவு சரளமாக வந்ததில் அவனுக்கே பயமாகிவிட்டது. அவள் நம்பினாள். திரும்பும் வழியில் அவனுக்கு ஒரு ஜோடி செருப்பு கூட வாங்கினாள்.

அடுத்த வாரம் பசை மேசையிலிருந்து ஒரு பெண்ணை ரிப்பன் மேசைக்கு மாற்றினான். அந்த முடிச்சு கைக்கு வர ஐந்து மாதமாவது ஆகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்டுக்கு ஆள் வேண்டுமென்றால் இப்போதே உட்காரவைக்க வேண்டும். அட்டை குறைந்தால் அட்டைக்குச் சொல்வதுபோல் செய்துவிட்டான். வீட்டில் முகத்தைக்கூட மாற்றாமல் மறைத்துவந்தவனுக்கு, இதையும் மறைக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை, பாவி.

"சீசனுக்குள்ள கை பழகிடணுமாம், அக்கா" என்றாள் வந்தவள். "சார்தான் உங்க பக்கத்துல உக்காரச் சொன்னாரு."

"இந்தத் தடவை ஆர்டர் கூடவா?"

"இல்லையாம். போன வருஷ அளவுதானாம்."

அவள் கையிலிருந்த ரிப்பனைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கட்டினாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன்.

"கப்பல் செப்டம்பர் கடைசில" என்றாள்.

"ம்."

"அப்போ சீசன் ரிப்பன் வேலை ஆகஸ்டுல ஆரம்பிக்கும். புதுசா வர்றவளுக்கு அஞ்சு மாசம்." விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்தாள். "ஆர்டரும் கூடல. என்னை வேற மேசைக்கும் மாத்தல."

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்..."

"இத்தனை வருஷமா உங்க கூடக் குடும்பம் நடத்துறேன். ஒத்தாசைக்கு ஆள் போடுற ஆளா நீங்க?"

முன் சீட்டில் தொழிற்சாலை ஆட்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்னை எந்த மாசம் வரைக்கும் போட்டிருக்கீங்க?"

சமாளிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினான். ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை சுலபமாக வந்த பொய் இப்போது பக்கத்திலேயே இல்லை.

"ஆகஸ்ட்" என்றான்.

அவள் தலையாட்டினாள். இவ்வளவு நாள் தெரிந்தே பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறான் என்று கோபம் வந்தது. கத்துவதற்குத் தெம்பில்லை. அவன் கையைப் பிடிக்க வந்தபோது மடக்கிய விரல்களைப் பிரிக்காமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே கடைகளில் விளக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஸ் முழுக்கத் தெரிந்த முகங்கள்.

"ஜூலையோட என்னை எடுத்துடுங்க" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "கடைசி மாசம் நான் வீட்ல இருக்கேன்."

மாதம் மாறினால் உடனே குறித்துக்கொள்கிற கை, வருடக்கணக்கான பழக்கத்தில் தானாகவே சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது. மூடியைத் தொட்டதும் நின்றுவிட்டது. பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. பேனாவை எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அந்தக் கை அவன் நெஞ்சின் மேலேயே இருந்தது.